எல்கம்மாவுக்கு ஒரு அர்ச்சனை

ஏங்கண்ணு, அந்த ஜன்னலைச் சித்த எறக்கி விடுங்க. காத்து மூஞ்சியில அடிச்சா எனக்கு மண்டை பாரமாயிரும். ஆங், அவ்வளவுதான். நல்லா இருப்பீங்க. நான் பழனிக்கு. நீங்க? தாராபுரமா? அப்ப எனக்கு முன்னாலயே எறங்கிருவீங்க. பேங்க்ல வேலையா? நல்லது. வெவரம் தெரிஞ்சவங்க. உங்ககிட்டக் கேட்டாச் சொல்லுவீங்க.

அர்ச்சனை பண்றப்ப பேரு, நட்சத்திரம் கேப்பாங்கல்ல? என்கிட்ட பேரு இருக்குது, நட்சத்திரம் இல்ல. பேரு இந்தா, பையன் வாட்ஸப்புல அனுப்புனதைச் சீட்டுல எழுதியாந்திருக்கறேன். எல்கா. ஆமாங்க, வெள்ளைக்காரிதான். ஜெர்மனி. எல்கான்னு மொட்டையாச் சொல்ல எனக்கு வாய் வரல, அதனால எல்கம்மான்னு வெச்சுக்கிட்டேன். போட்டோவுல பாத்தேன். கட்டையா வெட்டுன முடி, காதுல கழுத்துல ஒண்ணுமில்ல, ஆனா மொகத்துல ஒரு களை. நட்சத்திரம் தெரியலேன்னா சாமி பேருக்கே பண்ணிரலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. சாமி பேருக்குப் பண்ணுனா அந்தப் பலன் அந்தம்மாளுக்குப் போய்ச் சேருமா? அவ்வளவு தூரம்? அதுதான் எனக்குக் கவலை.

சிரிக்காதீங்க கண்ணு. வேண்டுதல் வேண்டுதல்தான், யாருக்கா இருந்தா என்ன.

அந்தம்மா என்ற பையன் தரணி இருக்கற டவுனுக்குத் தலைவி. நம்ம பக்கம் பேரூராட்சித் தலைவர் இருக்கறாங்கல்ல, அந்த மாதிரி. வர்ற ஞாயித்துக்கெழமை அங்கே எலெக்சன். மறுபடியும் நிக்கறாங்க. அவங்க செயிக்கோணும். அவங்க செயிச்சாத்தான் தரணி மாதிரிப் பசங்க அங்கே தலை நிமுந்து நடக்க முடியும். அங்கே ஒரு கூட்டம் கெளம்பியிருக்குதாம், வெளியூர்ல இருந்து வந்தவனெல்லாம் போங்கடான்னு. மூணு மாசம் வீடு தேடி அலைஞ்சானுங்க என்ற பையன். போன்ல கேட்டா வீடு இருக்குதும்பாங்களாம், நேர்ல போய் நின்னா மூஞ்சியப் பாத்துட்டு இல்லேம்பாங்களாம். எஞ்சினீரிங் படிச்ச பையன்! ஒரு பீடி சிகரெட்டு கெடையாது! கடைசியில அந்த எல்கம்மாதான் கூடவே போயி, ஒரு வீட்டுக்காரன்கிட்டப் பேசி, வாங்கிக் குடுத்தாங்க. அவங்க யாரு இவனுக்கு? ஒட்டா, ஒறவா? இவனுக்கு அங்கே ஓட்டுக்கூடக் கெடையாதுங்க. ஓட்டு இல்லாதவனுக்காக ஒரு தலைவி வந்து வாசல்ல நிக்கறான்னா, அது தெய்வமில்லீங்களா?

ஆனா எனக்குப் பயமா இருக்குது. ஜனங்களை நம்ப முடியாதுங்க. எந்த ஊரு ஜனமானாலும் ஒண்ணுதான். வேணுங்கறப்ப தலையில தூக்கி வெச்சுக்குவாங்க, அப்பறம் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எங்க வார்டுலயே கண்ணாரக் கண்டுட்டேன். அந்த ஒரு எலெக்சனோட எனக்கு அலுத்துப் போச்சு. இருங்க, கண்டக்டரு வந்துட்டாரு. பழனி ஒண்ணு குடுங்க தம்பி.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், துளசிமணி.

எங்க வார்டுல துளசிமணின்னு ஒருத்தி. பனியன் கம்பெனியில ஓவர்லாக் மெஷின்ல தைச்சவ. கூட வேலை செய்யற பொண்ணுகளுக்கு ஏதாச்சும்னா இவதான் மொதலாளி ரூம்ல போய் நிப்பா. கட்சி கிட்சி ஒண்ணுமில்ல. சுயேச்சை. தையல் மெஷின் சின்னம். அவளைக் கவுன்சிலர் ஆக்குனதே நான்தானுங்க. பெருமைக்குச் சொல்லல. மயிலக்கான்னா எங்க சந்துல பேச்சு எடுபடும். இருபது வீட்டுப் பொம்பளைகளும் நான் என்ன பண்றேன்னுதான் பாப்பாளுக. ஓட்டுப் போடற அன்னைக்கு நாங்க தனித்தனியாப் போறதில்ல. வெடியால எந்திரிச்சு, சோறாக்கி வெச்சுட்டு, தலைக்கு ஊத்திப் பூ வெச்சுக்கிட்டு, கோயிலுக்குப் போற மாதிரி ஒரே கூட்டமாப் போவோம். நான் வாசல்ல வந்து நின்னு, "போலாமாடி?"ன்னு ஒரு கொரல் குடுப்பேன். அப்பத்தான் ஒவ்வொருத்தியா வெளிய வருவா. நான் கெளம்பலேன்னா ஒருத்தியும் கெளம்ப மாட்டா. எத்தனையோ வருசமா அப்படி ஒரு வழக்கம்.

சும்மா சொல்லக் கூடாது, அவளும் நல்லாத்தான் செஞ்சா. எட்டு நாளைக்கு ஒருக்கா வந்த கொழாத்தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா வந்துச்சு. சாக்கடைக்கு மேல பலகைக்கல்லு போட்டா. எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னப்ப அவ ஸ்கூட்டர்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னால அவ, நடுவுல அவரு, பொறத்தால நான் புடிச்சுக்கிட்டு. இன்னைக்கு அவரு உக்காந்து டீ குடிக்கறாருன்னா அதுக்கு அவதான் காரணம். இல்லேன்னு சொல்லல நான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்த வடக்கத்தி ஆளுங்க வெவகாரம் வர்ற வரைக்கும்.

தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அவங்க மேல ஒரு இது கெடையாது. எங்கூட்டுக்குப் பொறத்தால ரெண்டு ரூம் இருக்குது, அதை அவங்களுக்குத்தான் விட்டிருந்தேன். ஒடிசாக்காரங்க. பசந்தின்னு ஒரு பொண்ணு. அவ புருசன் சாயப்பட்டறையில வேலை. நாலு வயசுல ஒரு கொழந்தை, அது நம்மளைவிட நல்லாத் தமிழ் பேசும். நான் அவளை மகளாட்டத்தான் பாத்தேன். கொழம்பு மீந்துச்சுன்னா மொதல்ல அவளுக்குத்தான் ஊத்திக் குடுப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துட்டேன், அப்ப அவதான் வேளா வேளைக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தா. அடுப்படிக்குள்ள விட மாட்டேன், எங்கூட்டுல அந்தப் பழக்கம் இல்ல. அவ ரூம்லயே வெச்சு எடுத்தாந்து வாசப்படியில வெப்பா. அதுல அவளுக்கும் ஒண்ணும் வருத்தமில்ல. தரணியோட மொகம் பாத்துப் பேசறதுக்கு போன்ல எங்கே அமுக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க. அப்படி ஒரு பொண்ணு.

ஆனா ஊருக்குள்ள பேச்சு வேற மாதிரி இருந்துச்சு. எங்க பாத்தாலும் இவங்களே இருக்கறாங்க, பஸ்ஸுல எடமில்ல, கடையில நிக்க எடமில்ல. எங்க வார்டு பேக்கரிக்காரரு மாடியில ரூம் கட்டிப்போட்டு, "வடநாட்டவருக்கு வீடு இல்லை"ன்னு போர்டு எழுதி மாட்டுனாரு. அது அவரு வீடு, அவரு இஷ்டம். இவ என்ன பண்ணோணும்? பேசாமப் போகோணுமா இல்லியா? ஸ்கூட்டரை நிறுத்திப்போட்டு அந்தப் போர்டுக்குக் கீழயே நின்னுக்கிட்டா. வெயில்ல. "இதைக் கழட்டுனாத்தான் போவேன்"னு. ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. கூட்டம் கூடிப்போச்சு. அவரு வேற வழியில்லாமக் கழட்டுனாரு.

கூட்டத்துல ஒருத்தன் கேட்டான், "அவங்களுக்கு இங்க ஓட்டு இருக்குதா அக்கா?"ன்னு. இவ சொன்னா, "ஓட்டு இருக்கறவங்களுக்கு மட்டுமா நான் கவுன்சிலரு? ஓட்டு இல்லாதவங்களுக்கும் நான்தான்"னு.

சொல்லலாமுங்களா கண்ணு, அப்படி? அன்னைக்கு ராத்திரிக்குள்ள அது ஊரெல்லாம் போயிருச்சு. "அப்ப அவங்ககிட்டயே போயி ஓட்டு வாங்கிக்கட்டும்"னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் அப்பக்கூட அவளை விட்டுக் குடுக்கல. "சின்னப் பொண்ணு, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டா"ன்னுதான் சந்துக்குள்ள சொல்லிட்டு வந்தேன்.

அப்பறந்தான் பங்குனியில மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டுனாங்க. உங்க பக்கமும் கம்பம் நடுவாங்கல்ல? அதேதான். மூணு கவை இருக்கற மரமாப் பாத்து வெட்டியாந்து மாரியாத்தா கோயில் முன்னால நட்டு, பதினஞ்சு நாளைக்கு வெடியால பொம்பளைங்க எல்லாம் மஞ்சத்தண்ணியும் வேப்பிலையுமாக் கொடத்தைத் தூக்கிட்டுப் போயி ஊத்துவோம். ஆத்தாளுக்குச் சூடு தணியோணும்னு. ஈரச் சேலையோட வரிசையில நிக்கறப்ப ஒரு சுத்தம் இருக்கும் பாருங்க, மனசுல.

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ. நாங்க எங்க சந்துப் பொம்பளைங்க எல்லாம் வரிசையில நிக்கறோம். திரும்பிப் பாத்தா, கடைசியில பசந்தி நிக்கறா. தலைக்கு ஊத்தி, மஞ்சச் சேலை கட்டி, இடுப்புல கொடம். கொடத்து வாயில நம்மள மாதிரியே வேப்பிலையைச் சொருகியிருக்கறா. எல்லாரும் அவளைப் பாத்தாங்க. அப்பறம் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என்ற வீட்டுல குடியிருக்கறவ இல்லீங்களா, அதனால. அப்ப யாரோ சொன்னாங்க, "ஏய், நீ தள்ளி நில்லு, இது உங்களுக்கு இல்ல"ன்னு.

அந்தப் புள்ளை தள்ளி நின்னுக்கிச்சு. கொடத்தை எறக்கல. அப்படியே இடுப்புலயே வெச்சுக்கிட்டு நிக்குது.

அந்த நேரம் பாத்துத் துளசிமணி வந்தா. அவளும் தெனமும் ஊத்துவா. என்ன ஏதுன்னு கேட்டா. பசந்தி சொன்னா, கொழந்தைக்கு அம்மை போட்டப்ப வேண்டிக்கிட்டேன், எறங்குனா கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறேன்னுட்டு. எறங்கிருச்சு. அதான் வந்தேன்னு. அரைகுறைத் தமிழ்ல சொன்னா, ஆனாப் புரிஞ்சுது.

"ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டவ ஊத்தாம வேற யாரு ஊத்தறது?"ன்னு கேட்டா துளசிமணி. அப்பறம் நேரா என்னைத் திரும்பிப் பாத்து, "மயிலக்கா, நீங்க சொல்லித்தானே இவ வேண்டிக்கிட்டா?"ன்னா.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ஆமாங்க, நான்தான் சொன்னேன். கொழந்தைக்கு மேலெல்லாம் முத்து போட்டுக் கெடந்துச்சு, அவ ராவும் பகலும் அழுதுக்கிட்டுக் கெடந்தா. ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன், "மாரியாத்தாளுக்கு வேண்டிக்க, கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறேன்னு நேந்துக்க, சரியாயிரும்"னு. மனசுல வேண்டிக்கறதுதான் முக்கியம், ஊத்தறதை அவளுக்குப் பதிலா நானே ஒரு கொடம் ஊத்திரலாம்னு இருந்தேன். நெசமாவே கொடத்தைத் தூக்கிட்டு வந்து வரிசையில நிப்பான்னு நான் கண்டனா?

அத்தனை பேர் முன்னால கேக்கறா. என்ற சந்துப் பொம்பளைங்க, தலை நரைச்சவங்க, நேத்து வாக்கப்பட்டு வந்தவங்க, எல்லாரும் நிக்கறாங்க. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமில்ல? "அக்கா, இப்படியா?"ன்னு ஒரு வார்த்தை. நானே ஒத்துக்கிட்டிருப்பேன். சபையில வெச்சு என்ற மொகத்துல கரியப் பூசிட்டா. அப்பறம் அவ பாட்டுக்குப் பசந்தி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, வரிசைக்கு முன்னால நிறுத்தி ஊத்த வெச்சா. கூடவே அவளும் ஊத்துனா.

அவங்க ரெண்டு பேரும் போன பொறகு, சில பேரு பக்கத்துக் கொழாயில புதுசாத் தண்ணி புடிச்சாந்து கம்பத்தைக் கழுவுனாங்க. நான் கழுவல. சத்தியமா. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

என்ன கண்ணு கேக்கறீங்க? தள்ளி நில்லுன்னு சொன்னது யாருன்னா? அதான் சொன்னேனே, யாரோ சொன்னாங்க. எல்லாரும் என்னையே பாத்தா நான் என்ன பண்ணட்டும்? ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தானே ஆகோணும். நான்தான் சொன்னேன். சொல்லிட்டேன். வாய்ல வந்துருச்சு.

பசந்தியும் அந்த மாசமே ரூமைக் காலி பண்ணிட்டுப் பெருந்துறைப் பக்கம் போயிட்டா. நான் காலி பண்ணுன்னு சொல்லவே இல்லீங்க. ஒரு வாரம் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அவ கொழந்தை வாசல்ல வந்து "பாட்டி"ன்னு கூப்பிடும். உள்ள வேலையா இருக்கற மாதிரி இருந்துக்குவேன். போறப்ப அவ என்ற காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போனா. அவங்க பழக்கம் அப்படி.

ஆறு மாசம் கழிச்சு எலெக்சன் வந்துச்சு. துளசிமணி மறுபடியும் நின்னா, அதே தையல் மெஷின் சின்னம். அவளுக்கு எதுத்தாப்பல பேக்கரிக்காரரு தம்பி. அவன் ஒண்ணுமே பேசல. "நம்ம கம்பம், நம்ம ஊரு"ன்னு ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். தண்ணியப் பத்தி இல்ல, சாக்கடையப் பத்தி இல்ல.

துளசிமணி எங்கூட்டுக்கு வந்தா. வந்து இப்படித்தான், நீங்க உக்காந்திருக்கற மாதிரி பக்கத்துல உக்காந்தா. இளைச்சுப் போயிருந்தா. "அக்கா, நீங்க வீடு வீடா வர வேண்டாம். அன்னைக்கு ஒருநாள் எப்பவும் போல வாசல்ல வந்து நின்னீங்கன்னாப் போதும்"னா. நான், "பாக்கலாம்"னேன். வரலேன்னு சொல்லலயே நான்! பாக்கலாம்னுதானே சொன்னேன்.

அன்னைக்கு வெடியால எனக்கு முழங்கால் வலி. வலின்னா, எந்திரிச்சு நடக்க முடியாத வலின்னு சொல்ல முடியாது. ஒரு இது. சோறாக்கி வெச்சேன். குளிச்சேன். பூக்கூட வாங்கி வெச்சிருந்தேன். அப்பறம் கதவைச் சாத்திக்கிட்டு டிவி முன்னால உக்காந்துட்டேன். ஏழு மணிக்கு ஒருத்தி வந்து, "மயிலக்கா, போலாமா?"ன்னு கதவைத் தட்டுனா. கால் வலின்னேன். ஒம்பது மணிக்கு இன்னொருத்தி. அவளுக்கும் அதேதான். எங்கூட்டுக்காரரு சட்டை போட்டுக்கிட்டு, "நீ வரலியா?"ன்னாரு. நீங்க போயிட்டு வாங்கன்னேன். "நீ இல்லாம நான் மட்டும் என்னத்தப் போயி"ன்னு அவரும் சட்டையக் கழட்டி மாட்டிட்டு உக்காந்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் எங்க சந்துல ஒரு செருப்புச் சத்தம் இல்லீங்க.

நான் எதிரா ஓட்டுப் போடல. அதை மட்டும் நீங்க நம்போணும். என்ற கையால அந்தப் பேக்கரிக்காரன் தம்பிக்குப் போட்டிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்.

பதினேழு ஓட்டுல தோத்துப் போனா. வார்டே என்னைப் பாக்குது. பதினேழு ஓட்டுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானென்ன பதினேழு பேரா? எத்தனை செஞ்சா அவ இந்த ஊருக்கு! சாக்கடைய மூடிக் குடுத்தவளைக் கைவிட்டுட்டாங்களேன்னு எனக்கு அப்படி ஒரு வேதனை. ஜனங்களுக்கு நன்னியே கெடையாதுங்க. இப்பத் தண்ணி மறுபடியும் எட்டு நாளைக்கு ஒருக்கா. நல்லா வேணும்னு இருக்குது எனக்கு. நானும் கொடத்தைத் தூக்கிட்டுத்தான் அலையறேன், அது வேற.

தோத்த மறுநாள் அவ எங்கூட்டுக்கு வந்தா. நான் அடுப்படியில இருந்தேன். வர்றதைப் பாத்தேன். கேக்கப் போறா, நல்லாக் கேக்கப் போறான்னு நெனைச்சேன். நாலு வார்த்தை நானும் கேக்கோணும்னு மனசுல அடுக்கி வெச்சிருந்தேன், சபையில வெச்சுக் கேட்டியேன்னு. அவ ஒண்ணும் கேக்கல. ஒரு தைலப் பாட்டிலை எடுத்து மேசை மேல வெச்சா. "முழங்கால் வலின்னு சொன்னாங்க. இதைச் சூடு பண்ணித் தேச்சுக்கங்கக்கா"ன்னா. டீ வேண்டாம்னுட்டா. போயிட்டா.

திட்டியிருந்தாத் தேவலை கண்ணு. நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம், தீந்து போயிருக்கும். இந்தா பாருங்க, அந்தப் பாட்டில்தான். இன்னும் மூடி தெறக்கல. ஏன் பையிலயே வெச்சுக்கிட்டு அலையறேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. இப்ப நெசமாவே வலிக்குது முழங்காலு. மலைக்குப் படியேற முடியாது, விஞ்சுலதான் போகோணும்.

அவ இப்ப மறுபடியும் கம்பெனிக்குப் போறா. அதே ஓவர்லாக் மெஷின். அவ லைன்ல பூராவும் வடக்கத்திப் பொண்ணுகதானாம், அவதான் அதுகளுக்குத் தையல் பழக்கி விடறாளாம். வழியில பாத்தா, "நல்லாருக்கீங்களாக்கா? தரணி போன் பண்ணுனானா?"ம்பா. பண்ணுனான்னு சொல்லிட்டு வந்துருவேன்.

ஆமா, தரணி. போன செவ்வாக்கெழமை பேசுனான். அவன் ஊர்லயும் ஒரு கம்பம் நடறாங்க, தெரியுமுங்களா? ஆமாங்கறேன்! மே மாசம் மொத நாளு, ஊருக்கு நடுவுல, அம்மாம் பெரிய மரத்தைக் கொண்டாந்து, பட்டையச் செதுக்கி, மாலை கட்டி, கலர் கலரா ரிப்பன் கட்டி நிறுத்தறாங்க. போட்டோ அனுப்புனான். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அடேய், இது நம்ம கம்பமாட்டவே இருக்குதேன்னேன். தண்ணி ஊத்த மாட்டாங்களாம், சுத்தி நின்னு பீர் குடிப்பாங்களாம். போகட்டும், அவங்க சாமிக்கு அது.

இந்த வருசம் அந்த மரத்தைக் கயிறு போட்டுத் தூக்கறப்ப இவனும் ஒரு கை குடுக்கலாம்னு போய்க் கயிறைப் புடிச்சிருக்கறான். ஒரு கெழவன் வந்து கயிறைப் புடுங்கிட்டானாம். "தள்ளி நில்லு, இது உங்களுக்கு இல்ல"ன்னானாம். ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சாம்.

ஏனுங்க, ஒரு கயிறைப் புடிச்சா அந்த மரம் தேஞ்சா போயிரும்? என்ற பையன் என்ன தீட்டா? குளிச்சு முழுகி, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, ஆசையாப் போனவன். அந்த எடத்துல நான் இருந்திருந்தா அந்தக் கெழவனை...

எல்கம்மாதான் வந்து அந்தக் கெழவன் கையில இருந்து கயிறை வாங்கி, தரணி கையில குடுத்து, கூடவே நின்னு அவங்களும் புடிச்சு இழுத்தாங்களாம்.

சித்த இருங்க கண்ணு. ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. ஜன்னலை எறக்குனாலும் எங்கிருந்தோ வந்துருது.

அதுல இருந்துதான் அந்தம்மா மேல ஊர்ல பேச்சாம். "வந்தவங்களுக்குத்தான் இவ தலைவி"ன்னு. நான் தரணிகிட்டக் கேட்டேன், ஏண்டா, ஊரே எதிராப் போயிருச்சான்னு. "இல்லம்மா, யாரும் எதிரி இல்ல. கடையில பாத்தா சிரிக்கறாங்க, கை குடுக்கறாங்க. நல்லவங்கதான் எல்லாரும். அன்னைக்கு எந்திரிச்சு வந்து ஓட்டுப் போடுவாங்களாங்கறதுதான் தெரியல"ன்னான். போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அதுக்கப்பறந்தான் பழனிக்கு வேண்டிக்கிட்டேன்.

தாராபுரம் வந்துருச்சு போல. பைய எடுத்துக்கங்க. குடை இருக்குது பாருங்க, விட்டுட்டுப் போயிராதீங்க.

என்ன? நட்சத்திரமா? யாருது, துளசிமணியோடதா? தெரியாம என்ன. கார்த்திகை. மொதத் தடவை அவ நின்னப்ப, இதே பழனியில அவ பேருக்கு அர்ச்சனை பண்ணுனதே நான்தானே. ஒரு தேங்காய்க்கு ரெண்டு தேங்காயா ஒடைச்சேன்.

சீட்டுல எழுதலீங்க. எல்கம்மா பேரும் தரணி பேரும் மட்டுந்தான் எழுதியிருக்கறேன்.

கண்ணு, எறங்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. வெவரம் தெரிஞ்சவங்க நீங்க. அந்த ஊருப் பொம்பளைங்க ஞாயித்துக்கெழமை எந்திரிச்சுப் போவாங்கல்ல? கால் வலிக்குதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுல உக்காந்துக்க மாட்டாங்கல்ல?